கோடை விடுமுறையில் மதுரை: நேரத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுவாரமே பெற்றோர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்?" மதுரையில் இருப்பவர்களுக்கு நான் திரும்பக் கேட்பது ஒன்றுதான். எத்தனை மணிக்கு உங்களால் கிளம்ப முடியும்? அதைச் சொன்னால் இடம் தானாக அமைந்துவிடும். எல்லோரும் குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்கு வண்டியை எடுக்கும் குடும்பம் பதினொன்றரைக்கு ஏதோ ஒரு கற்படியில் நின்று பிள்ளையை அதட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை மேல் தவறில்லை. மே முதல் வாரத்தில் தொடங்கி மாதக் கடைசிவரை இழுக்கும் கத்திரி வெயிலில், முற்பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை வெளியே நிற்பது பெரியவர்களுக்கே ஆகாது.

விடியற்காலை மலைக்கு, நண்பகல் கூரைக்குக் கீழே, பொழுது சாய்ந்த பிறகு கோயிலுக்கு. இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இவற்றில் ஒன்று போதும். அலைச்சலோடு பார்த்த மூன்று இடங்களில் ஒன்றுகூடப் பிள்ளைகளின் நினைவில் நிற்காது.

விடியலுக்கு நான் முதலில் சொல்வது கீழக்குயில்குடி சமணர் மலை. நகரத்துக்கு மேற்கே, வண்டியில் அரை மணி நேரப் பயணம். ஆறு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருங்கள். தாமரைக் குளமும், ஆலமரங்களும், அய்யனார் கோயிலும் அந்த நேரத்தில் அவ்வளவு குளுமையாக இருக்கும். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே பாறை முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தையவை. இங்கே பிள்ளைகளுக்கு நீங்கள் வரலாறு நடத்த வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். தலைக்கு மேல் நாகம் படமெடுத்துக் குடை பிடித்தால் அவர் பார்சுவநாதர். வரிசையில் அவர் எத்தனை இடத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நோட்டும் பென்சிலும் கொடுத்து, வட்டெழுத்தில் நாலைந்து எழுத்துகளைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இன்றைய எந்த எழுத்தின் சாயல் எதில் இருக்கிறது என்று அவர்களே வாதிடத் தொடங்குவார்கள். பாறையைத் தொடுவதும், சாக்பீஸால் எழுத்துகளைத் தீட்டிப் படம் எடுப்பதும் கூடவே கூடாது. பெயர் கிறுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால், அது ஏன் தவறு என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். வீட்டில் சொல்வதைவிட அங்கே சொல்வது ஆழமாகப் பதியும்.

இன்னும் தெம்பு இருந்தால் மலையின் மறுபக்கம் செட்டிப்புடவுக் குகைக்குப் போகலாம். சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லோடு போரிடும் அம்பிகை உருவம் உள்ளே இருக்கிறது. பிள்ளைகள் எல்லோருக்கும் பிடிக்கும். எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் பாறை சுடத் தொடங்கும். ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போட்டு வாருங்கள். தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்குக் குடிக்க வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். கலர் பாட்டில்கள் அந்த வேலையைச் செய்யாது. துறுதுறுவென்று இருந்த பிள்ளை திடீரென்று பேச்சு குறைந்து, தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் உடனே நிழலில் உட்காரவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, விசிறிவிடுங்கள். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

பறவைகளில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர். லகுடு வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் வாழும் குன்றுகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சமணப் படுகை எல்லாம் ஒரே ஊரில். இங்கே வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம், ஊர் மக்கள் திரண்டு போராடியதால் 2025 ஜனவரியில் ரத்தானது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கதையைக் குன்றைக் காட்டியபடியே சொல்லுங்கள்.

அழகர்கோவில் எல்லோருக்கும் தெரிந்த இடம். பழமுதிர்சோலைக்கு மேலே நூபுர கங்கையில் குளித்துவிட்டுக் கீழே வந்து தடிமனான அழகர்கோவில் தோசையைப் பிட்டுத் தின்பது பிள்ளைகளுக்குப் போதுமான இன்பம். குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே வந்துவிடும். தின்பண்டத்தைக் கையில் பிடித்தபடி சின்னப் பிள்ளைகளை நடக்க விடாதீர்கள்.

நண்பகலுக்குப் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு, ஏசி உண்டு, உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. இந்த விடுமுறையில் வாரம் ஒருநாள் அங்கே போவது என்று வைத்துக்கொண்டால் வேறெதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்பேன். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் போனைப் பார்க்காமல், நீங்களும் ஒரு புத்தகத்தை எடுத்து உட்காருங்கள்.

ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகமும் வெயில் நேரத்துக்கு ஏற்றது. சுடப்பட்ட நாளில் காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சிறு பிள்ளைகள் சில கேள்விகள் கேட்பார்கள். அவசரப்படுத்தாமல் பதில் சொல்லுங்கள். சட்டையையும் தொப்பியையும் விட்டு அவர் அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில், இதே மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். இன்னொரு நாள் மாலையில் அந்த வீதிவழி நடக்கும்போது அந்த வீட்டைக் காட்டலாம்.

கீழடிக்கு மட்டும் அரைநாள் முழுதாக ஒதுக்குங்கள். ராமேஸ்வரம் சாலையில் சிலைமான் தாண்டிச் சிறிது தூரம்தான். செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் கட்டி 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம். கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று காலம் கணித்துச் சொன்ன ஊர் இது என்பதைப் பெரியவர்கள் வியந்து படிப்பார்கள். பிள்ளைகளுக்கு வேறு வாசல் இருக்கிறது. அங்கே கிடைத்த வட்டச் சில்லுகளையும், பகடைக்காயையும், ஆட்டக்காய்களையும் முதலில் காட்டுங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்த வைகைக் கரையில் பிள்ளைகள் விளையாடினார்கள் என்று தெரிந்ததும் மற்ற காட்சிப் பெட்டிகளுக்கு அவர்களே ஓடுவார்கள். அடுத்தது பானையோடுகளில் கீறிய பெயர்கள். 'ஆதன்' என்ற பெயரைத் தமிழி எழுத்தில் எழுதப் பழகியபின் தன் பெயரையும் எழுதிப் பார்க்காத பிள்ளையை நான் கண்டதில்லை. எழுத்து அட்டவணை ஒன்றை வீட்டிலிருந்தே அச்செடுத்துப் போங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் 'சலிப்பாக இருக்கிறது' என்று முகம் சுளிக்கும் மூத்த பிள்ளையிடம் பயணப் பொறுப்பைக் கொடுங்கள்: எந்த பஸ், எங்கே இறங்குவது, எவ்வளவு பணம், அருங்காட்சியகத்தின் வார விடுமுறை எந்த நாள். அதன்பிறகு அந்த முகச்சுளிப்பு பெரும்பாலும் இருக்காது.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு மாலை நான்கு மணிக்கு நடை திறந்ததும் ஓடாதீர்கள். கல்தரையில் வெயிலின் சூடு அப்படியே இருக்கும், பிள்ளைகளின் பாதம் தாங்காது. ஏழு மணிக்குப் போங்கள். 2018இலிருந்து கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. ஆகவே தொலைந்தால் போன் செய்து தேட முடியாது. உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் பையில் வையுங்கள். கூட வந்தவர்களைக் காணோமென்றால் பொற்றாமரைக் குளப் படிக்கட்டில் இன்ன இடத்தில் வந்து நிற்பது என்று உள்ளே நுழைந்ததும் காட்டிவிடுங்கள். ஆயிரங்கால் மண்டபம் திறந்திருந்தால், உண்மையில் 985 தூண்கள்தான் என்று சொல்லி, மற்ற பதினைந்தும் எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவிடுங்கள். விழித்திருக்கும் பிள்ளையென்றால் சுவாமி பல்லக்கில் அம்மன் சந்நிதிக்குப் போகும் பள்ளியறைப் பூஜைவரை இருக்கலாம்.

சித்திரைத் திருவிழா பற்றி ஒன்று. அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையை வைகைக்குள் கூட்டிப் போக வேண்டாம். 2022இல் அந்த நெரிசலில் உயிரிழப்பு நேர்ந்தது. வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் அழகர் நின்று நின்றுதான் போவார். வீட்டுக்குப் பக்கத்து மண்டகப்படியில், பிள்ளையைத் தோளில் தூக்கி, அருகிலிருந்தே பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தண்ணீர். விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போன பிள்ளைகள் கிணற்றிலும் கண்மாயிலும் மூழ்கிய செய்தி கோடைதோறும் வருகிறது. மண் அள்ளிய கண்மாயில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோன கால் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் இறங்கும். நீந்தத் தெரிந்த பெரியவர் கரையில் அல்ல, தண்ணீருக்குள்ளேயே கூட இருக்க வேண்டும். அதைவிட நல்லது, ஏப்ரல் கடைசியிலேயே ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கத்து நீச்சல் குளத்தில் பயிற்சி வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரித்துச் சேர்த்துவிடுவது. இடம் சீக்கிரம் நிரம்பும். ஊருக்குப் போவதை அதற்கேற்ப இரண்டு வாரம் தள்ளிவைக்கலாம்.

கொடைக்கானல்தான் வேண்டும் என்று வீட்டில் அடம் பிடித்தால் வார நாளில் போங்கள். 2024 மே முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். சனி, ஞாயிறு மட்டுமே முடியும் என்பவர்களுக்குத் திண்டுக்கல் அருகே சிறுமலை மேல். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். மேலே கடைகள் குறைவு, சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள். காட்டுமாடு நடமாடும் பாதை என்பதால் இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். சிறுமலைப் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பும் வழியில் பசிக்கும்.