ஓடும் கணினியில் ஒரு புதுப் பலகை

யூ.எஸ்.பி. துளையில் ஒரு கருவியைச் செருகியவுடன் கணினி அதனை அடையாளம் கண்டுகொள்கிறது. அஃது எவ்வாறு? செய்தவர் எண், பொருள் எண் என 16 பிட் அளவுள்ள இரண்டு எண்களை அக்கருவியே கணினிக்குச் சொல்லிவிடுகிறது.

எல்லாக் கருவிகளும் இப்படிப் பேசுவதில்லை. எல்.எம்.75 என்னும் வெப்பம் அளக்கும் சில்லை எடுத்துக்கொள்வோம். ஐ2சி என்ற இரு கம்பி வழியில் அது இணைகிறது. அக்கம்பிகளில் ஒரு முகவரியைக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்ற விடை வரும், 'நீ யார்?' என்று கேட்கும் பொதுவான வழக்கம் அங்கில்லை. ஆகவே எந்த முகவரியில் எந்தச் சில்லு உள்ளது என்பதை முன்னரே எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலே டிவைஸ் ட்ரீ, அதாவது சாதன மரம். 1994-இல் வெளிவந்த ஓப்பன் ஃபர்ம்வேர் தரத்திலிருந்து கிளைத்த முறை இது. கணினி தொடங்கும்போதே கெர்னல் இம்மரத்தைப் பெற்றுக்கொள்கிறது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு துணைப் பலகையைச் செருகினால், அது மரத்தில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! இதற்காக 'ஓவர்லே' என்ற முறை வந்தது. ஓவர்லே என்பது மரத்தில் பிறகு ஒட்டவைக்கும் கிளை. 2015-இல் வந்த லினக்ஸ் 3.19 கெர்னலில் இவ்வசதி சேர்ந்தது. பீகிள்போன் பலகையில் செருகும் துணைப் பலகைகளிலும், ராஸ்பெர்ரி பையின் 'ஹாட்' பலகைகளிலும் தன் விவரம் எழுதிய சிறு நினைவகம் ஒன்று உண்டு. ஆனால் ஹாட் பலகையின் விவரம் கணினி தொடங்கும்போதுதான் படிக்கப்படுகிறது. ஆகவே அதனை ஓட்டத்தில் செருகுவது என்று சொல்ல இயலாது.

நான் கருதும் முதல் குறை பெயரைப் பற்றியது. ராஸ்பெர்ரி பையில் 3, 5 எண் ஊசிகளுக்கு வரும் ஐ2சி வழியின் பெயர் ஒன்று. பீகிள்போனில் பி9 வரிசையின் 19, 20 ஊசிகளுக்கு வருவதன் பெயர் வேறு. ஓவர்லே அந்தத் தாய்ப் பலகையின் பெயரைச் சொல்லியே எழுதப்படுகிறது. எனவே காசு கொடுத்து வாங்கிய ஒரே வெப்பமானிப் பலகைக்கு இரண்டு விளக்கங்கள் எழுத வேண்டியுள்ளது. நடுவிலுள்ள கனெக்டரையே மரத்தில் ஒரு கணுவாக்கி, 'கனெக்டரின் ஐ2சி' என்று மட்டும் துணைப் பலகை சொன்னால் இத்தொல்லை தீரும். அந்த வழி எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தாய்ப் பலகை சொல்லிக்கொள்ளும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. செருகுவதைவிடக் கழற்றுவது கடினம். பலகையைப் பிடுங்குமுன் அதனை ஆளும் டிரைவர் நிற்க வேண்டும். பல ஓவர்லேக்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருந்தால், கடைசியில் வந்ததே முதலில் போக வேண்டும். முன்பே உள்ள ஒரு கணுவின் பண்புகளை ஓவர்லே மாற்றியிருந்தாலோ, நீக்கும்போது நினைவகம் முழுவதும் மீளாது என்று கெர்னலே எச்சரிக்கிறது.

வாடகை வீட்டுக்கு வருபவர் தம் கட்டிலையும் பெட்டியையும் கொண்டுவந்தால், காலி செய்யும் நாளில் எடுத்துச் செல்லலாம். சுவரை இடித்து அறையை மாற்றியிருந்தால் எதை எடுத்துச் செல்வது? துணைப் பலகையின் விளக்கமும் அப்படித்தான். அது கனெக்டரின் கீழே புதிய கணுக்களைச் சேர்க்கட்டும். வீட்டுக்காரரின் கணுக்களைத் தொடாதிருக்கட்டும்.

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பலகை பழுதானால், மற்றவற்றை நிறுத்தாமல் அதை மட்டும் மாற்ற முடிய வேண்டுமல்லவா? அதற்கு நல்ல கனெக்டர் மட்டும் போதாது. விளக்கமும் கழற்றத் தக்கதாக இருத்தல் வேண்டும். ஆகவே நண்பர்களே, ஒரு பலகைக்கு விளக்கம் எழுத அமரும்போது அது எப்படி வரும் என்பதை மட்டுமன்றி, எப்படிப் போகும் என்பதையும் முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் துணிபு.