பழைய ஆட்டம், புதிய கணிப்பொறி: மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய வீடியோ கேம்களை இன்றைய கணிப்பொறியில் விளையாட எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். தாம் சிறு வயதில் ஆடியதைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் பெற்றோர் அவர்களில் ஒரு வகை. அப்படி அதில் என்னதான் இருந்தது என்று பார்க்க விரும்பும் இளைஞர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கிறது. பட்டியல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். தேர்ந்தெடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால், பெயர்கள் மாறினாலும் நாம் தடுமாற வேண்டியதில்லை. அந்த முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் பொழுதுபோக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வில் தெரிவித்தது. கடையில் இல்லாவிட்டால் என்ன, பழைய கேசட் பரணில் இருக்கிறதே என்று எண்ணலாம். கேசட்டும் சாகாவரம் பெற்றதல்ல. 1987இல் அமெரிக்காவில் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' கேசட்டினுள் ஒரு சிறு பாட்டரி இருந்தது. ஆடியவர் எதுவரை வந்தார் என்ற குறிப்பைக் காத்தது அதுதான். பாட்டரி தீர்ந்தால் குறிப்பும் போயிற்று. கேப்காம் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த 'சி.பி.எஸ்-2' என்ற ஆர்கேட் பலகையின் நிலை இன்னும் மோசம். பூட்டுத் திறக்கும் எண்களே பாட்டரியின் தயவில்தான் அதனுள் இருந்தன. பாட்டரி இறந்தால் ஆட்டமே இறந்துவிடும். ஆகவே, அசல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓயும்போது, அந்த ஆட்டம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக மிஞ்சப்போவது நாம் தேர்ந்தெடுக்கும் மென்பொருளே. சாட்சி உண்மை பேச வேண்டும் அல்லவா?

எமுலேட்டர் என்றால் என்ன?

ஒரு கணிப்பொறியை வேறொரு இயந்திரம் போல நடக்க வைக்கும் மென்பொருளே எமுலேட்டர். கூத்தில் வேடம் கட்டுவது போன்றது இது. நடிகர் அதே ஆள்தான். ஆனால் மேடையில் இருக்கும் வரை அவர் துரியோதனன்.

உதாரணமாக, நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கடைகளில் 1990களில் விற்ற டி.வி. கேம் பெட்டிகள் பல இதன் நகல்களே. இதன் மையச் செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கென்று தனிச் சில்லு ஒன்று உண்டு. அது 256க்கு 240 புள்ளிகளில் படம் வரையும். எமுலேட்டர் இந்தச் செயலியின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அசல் செயலி என்ன செய்திருக்குமோ அதையே செய்கிறது. அத்துடன் படச் சில்லு, ஒலிப் பகுதி, கேசட்டினுள் இருந்த கூடுதல் சில்லுகள் ஆகிய எல்லாவற்றின் வேடத்தையும் ஒரே நேரத்தில் ஏற்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் நடக்க வேண்டும். கடினம் அங்கேதான் இருக்கிறது.

முதல் கேள்வி: எந்த இயந்திரம்?

'மேரியோ ஆட எது நல்லது' என்று கேட்பதைவிட, 'மேரியோ எந்த இயந்திரத்துக்காக எழுதப்பட்டது' என்று கேட்பதே சரியான தொடக்கம். அதற்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பொதுவாக நான்கு வகைகள் உண்டு.

தொலைக்காட்சியில் இணைத்து ஆடிய பெட்டிகள் முதல் வகை. ஃபேமிகாமுக்கு 'மெசன்' என்ற மென்பொருளை நான் சிபாரிசு செய்வேன். நிண்டெண்டோவின் அடுத்த பெட்டியான சூப்பர் ஃபேமிகாமுக்கு 'பிஸ்னெஸ்', 'ஸ்னெஸ்9எக்ஸ்' ஆகிய இரண்டும் உள்ளன.

ஆர்கேட் கடைகளில் காசு போட்டு ஆடிய பெரிய இயந்திரங்கள் இரண்டாம் வகை. இதற்கு 'மேம்' என்ற மென்பொருள் இருக்கிறது. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் இதன் முதல் பதிப்பை வெளியிட்டார். ஆர்கேட் இயந்திரங்கள் எப்படி வேலை செய்தன என்பதை ஆவணப்படுத்துவதே இதன் முதல் குறிக்கோள். ஆட முடிவது அதன் பக்க விளைவு என்றே இதைச் செய்பவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆகவே இது சற்றுக் கண்டிப்பானது. கோப்புகள் அந்தந்தப் பதிப்புக்குப் பொருந்தாவிட்டால் ஆட்டம் தொடங்காது.

எம்.எஸ்-டாஸ் காலத்துக் கணிப்பொறி ஆட்டங்கள் மூன்றாம் வகை. இன்றைய 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரல்கள் நேரடியாக ஓடுவதில்லை. இதற்கு 2002இல் தோன்றிய 'டாஸ்பாக்ஸ்' உதவும். இப்போது அதன் வழித்தோன்றலான 'டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்' புதியவர்களுக்கு இன்னும் எளிது.

நான்காவது வகை சற்று வித்தியாசமானது. 'ஸ்கம்வி.எம்.' என்ற மென்பொருள் இயந்திரத்தின் வேடத்தை ஏற்பதில்லை. லூகாஸ்ஆர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் கதை ஆட்டங்களை இயக்கிய நிரலையே அது புதிதாக எழுதிக்கொண்டு, ஆட்டத்தின் படம், ஒலி, உரையாடல் கோப்புகளை மட்டும் பயன்படுத்துகிறது. கதை ஆட்டம் ஒன்று இதன் பட்டியலில் இருந்தால், டாஸ்பாக்ஸை விட்டுவிட்டு இதையே தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாம் கேள்வி: வேகமா, உண்மையா?

1990களின் எமுலேட்டர்கள் வேகத்தையே பெரிதாக மதித்தன. அன்றைய கணிப்பொறிகளின் வலு அவ்வளவுதான். 1997இல் வந்த 'நெஸ்டிகிள்', அதே ஆண்டில் தொடங்கிய 'இசட்ஸ்னெஸ்' ஆகிய இரண்டும் குறுக்கு வழிகள் பல வைத்து ஓடின. பிரபலமான ஆட்டங்கள் ஓடினால் போதும் என்பதே நோக்கம். இதன் விளைவு பிறகு தெரிந்தது. ஆர்வலர்கள் சிலர் ஜப்பானிய ஆட்டங்களை ஆங்கிலத்தில் மாற்றி, இசட்ஸ்னெஸில் மட்டும் சோதித்து வெளியிட்டார்கள். அவற்றுள் சில அசல் இயந்திரத்தில் ஓடவில்லை. நகலையே அசலாக எண்ணியதன் பலன் அது.

உண்மை ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் தருகிறேன். முதலாவது, பிபிசி மைக்ரோ. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் மூலம் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணிப்பொறி இது. இதற்காக டேவிட் பிரேபனும் இயான் பெல்லும் எழுதிய 'எலைட்' என்ற விண்வெளி ஆட்டம் அதே 1984இல் வெளிவந்தது. அதில் திரையின் மேற்பகுதி நுணுக்கமான கோடுகள் கொண்ட கறுப்பு வெள்ளை; கீழ்ப்பகுதி வண்ணம். இப்படி இரண்டு முறைகளை ஒரே திரையில் காட்ட அந்தக் கணிப்பொறியில் வசதி கிடையாது. திரையின் மேற்பகுதி வரைந்து முடியும் அந்தக் கணத்தில் முறையை மாற்றிவிடுமாறு இருவரும் நிரல் எழுதினார்கள். எமுலேட்டரின் காலக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் இந்தப் படம் கலைந்துவிடும்.

இரண்டாவது உதாரணம், சூப்பர் ஃபேமிகாம் வகையில் வந்த 'ஸ்பீடி கொன்சாலஸ்' என்ற ஆட்டம். இதன் ஆறாம் கட்டத்தில் ஒரு பொத்தானைத் தொட்டால் பழைய எமுலேட்டர்களில் ஆட்டம் உறைந்து நின்றுவிடும். அசல் இயந்திரத்தில் நிற்காது. அதை முறையாகச் சரிசெய்தது, துல்லியத்தையே கொள்கையாகக் கொண்ட பிஸ்னெஸ். அதை எழுதியவர் 2011இல் ஒரு கட்டுரையில், 3.58 மெகாஹெர்ட்ஸ் செயலி கொண்ட அந்தப் பழைய பெட்டியைப் பிழையின்றிப் போலச்செய்ய 3 ஜிகாஹெர்ட்ஸ் கணிப்பொறி தேவைப்படுகிறது என்று வாதிட்டார். அன்று அது பெரிய விலையாகத் தோன்றியது. இன்று நடுத்தர மடிக்கணினிகளே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

எனவே என் விதி எளியது. உங்கள் கணிப்பொறி தாங்குமானால் துல்லியமானதையே தேர்ந்தெடுங்கள். பழைய கணிப்பொறியாக இருந்து ஒலி விட்டு விட்டுக் கேட்டால் மட்டும் ஸ்னெஸ்9எக்ஸ் போன்ற இலகுவானதற்கு இறங்குங்கள்.

மூன்றாம் கேள்வி: ஐம்பதா, அறுபதா?

இந்தக் கேள்வி நம் நாட்டவர்களுக்கு மிகவும் பொருந்தும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி விநாடிக்கு சுமார் 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்தியாவில் நாம் பின்பற்றிய 'பால்' முறையில் அது 50 முறை. பெரும்பாலான ஆட்டங்கள் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் ஓர் அடி முன்னே நகரும்படி எழுதப்பட்டவை. ஆகவே 50 முறையில் ஓடும்போது ஓட்டமும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். பால் முறைக்கென்று செய்த நகல் பெட்டியில் ஆடி வளர்ந்தவர், எமுலேட்டரை அப்படியே திறந்தால், 'இது நான் ஆடியதைவிட வேகமாக இருக்கிறதே' என்று திகைப்பார். அவருடைய நினைவில் பிழையில்லை. மெசனின் அமைப்புகளில் 'டெண்டி' என்று ஒரு தெரிவு இருக்கிறது. 1992இல் ரஷ்யாவில் வெளிவந்த நகல் பெட்டியின் பெயர் அது. 50 முறைக்கேற்ற நகல் பெட்டிகளின் காலக் கணக்கை அது பின்பற்றுகிறது. அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பழைய இசை பழைய வேகத்திலேயே கேட்கும்.

டாஸ் ஆட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தையே நம்பி எழுதிய ஆட்டங்கள் வேகமான கணிப்பொறியில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். டாஸ்பாக்ஸில் 'சைக்கிள்ஸ்' என்ற அளவைச் சுமார் 300க்குக் குறைத்தால் அந்தப் பழைய வேகம் கிடைக்கும். ஆடிக்கொண்டே கண்ட்ரோலும் எஃப்11உம் அழுத்தினால் வேகம் குறையும். கண்ட்ரோலும் எஃப்12உம் அழுத்தினால் கூடும்.

நான்காம் கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

எமுலேட்டர் எழுதுவதே குற்றம் என்ற எண்ணம் தவறு. பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றைப் பற்றி சோனி தொடுத்த வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு அதைச் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே சமயம், எதையும் செய்யலாம் என்பதும் தவறு. நிண்டெண்டோ ஸ்விட்சுக்கான 'யூசூ' எமுலேட்டரைச் செய்தவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் 2024 மார்ச்சில் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு அதைக் கைவிட்டார்கள். ஆட்டத்தின் பூட்டை உடைக்க உதவியது என்பதே அங்கு முக்கியக் குற்றச்சாட்டு.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணிப்பொறி நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், இழப்பிலிருந்து பாதுகாக்க அதிலிருந்தே ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. கண்ணில் பட்ட இடத்திலிருந்தெல்லாம் பிறர் எடுத்த நகலை இறக்கிக்கொள்ள அது அனுமதி அல்ல. நேர்மையான வழிகள் வேறு இருக்கின்றன. 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்ற நல்ல கதை ஆட்டத்தை அதன் உரிமையாளர்களே 2003இல் இலவசமாக வழங்கினார்கள், ஸ்கம்வி.எம். கற்க அதுவே சிறந்த பாடம். பழைய டாஸ் ஆட்டங்கள் பலவற்றை ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை டாஸ்பாக்ஸுடன் சேர்த்தே விற்கிறது. பழைய இயந்திரங்களுக்காக ஆர்வலர்கள் இன்றும் புதிதாக எழுதி இலவசமாகத் தரும் ஆட்டங்களும் உண்டு.

நிறுவும் முன் சில குறிப்புகள்

எமுலேட்டரை அதைச் செய்தவர்களின் சொந்த இடத்திலிருந்தே பெறுங்கள். ஆயிரம் ஆட்டங்களுடன் சேர்த்து என்று விளம்பரம் செய்யும் மூட்டைகளில் வைரஸும் சேர்ந்து வரலாம்.

மூல நிரல் திறந்திருக்கிறதா, அண்மையில் திருத்தம் வெளிவந்திருக்கிறதா என்று பாருங்கள். இசட்ஸ்னெஸின் கடைசிப் பதிப்பு 2007இல் வந்தது. இன்று அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை. நிரல் திறந்திருந்தால், எழுதியவர் விலகினாலும் வேறொருவர் தொடரலாம்.

பல இயந்திரங்களின் ஆட்டங்களை ஒரே இடத்தில் வைக்க விரும்பினால் 'ரெட்ரோஆர்ச்' உதவும். அது எமுலேட்டர்களைக் கருவிகள் போலச் செருகிக்கொள்ளும் ஒரு சட்டகம். அதன் அமைப்புகள் ஏராளம் என்பதால், முதலில் ஒரு தனி எமுலேட்டரில் பழகிவிட்டு அதற்குப் போவது நல்லது.

ஆட்டத்தை எந்தக் கணத்திலும் உறைய வைத்துச் சேமிக்கும் வசதி பல எமுலேட்டர்களில் உண்டு. அந்தக் கோப்பு அடுத்த பதிப்பில் திறக்காமல் போகலாம். ஆட்டமே தரும் சேமிப்பு வசதியையும் பயன்படுத்துங்கள். அந்தக் கோப்பை வேறு எமுலேட்டருக்கும் பெரும்பாலும் எடுத்துச் செல்லலாம்.

முடிவாக, எந்த இயந்திரம், எவ்வளவு துல்லியம், எந்தக் காலக் கணக்கு, எது நேர்மையான வழி என்ற நான்கு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டால் சரியான மென்பொருள் தானே கைக்கு வரும். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் கவனக்குறைவாக விட்ட எழுத்து, மூலச்சுவடி செல்லரித்த பின் என்றென்றைக்கும் விடுபட்டதாகிவிடும். நம் காலத்து ஆட்டங்களுக்கும் அதே கதிதான். படியெடுப்பவர் கவனமாக இருந்தாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது, வாங்கி ஆடும் நம் பொறுப்பு.