சூரையில் ஹிஸ்டமினை ஒளியால் அளப்பது எப்படி

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் படகுகள் இறக்கும் சூரையில் ஹிஸ்டமினை அளக்க முனைபவர், தேடும் பொருள் எது என்பதை முதலில் மனதில் இருத்த வேண்டும். ஒவ்வாமையின்போது நம் உடலின் மாஸ்ட் செல்கள் அழற்சிச் செய்தியாக வெளியிடும் அதே மூலக்கூறுதான் இது. மீன் செத்தபின் தசையிலுள்ள ஹிஸ்டிடினை, மோர்கனெல்லா போன்ற பாக்டீரியாக்களின் நொதி ஹிஸ்டமினாக்குகிறது. உண்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், தோல் தடிக்கும். மீனின் தரத்தை மூக்கே சொல்லிவிடும் என்பார்கள் துறையில் பழகியவர்கள். அந்த அனுபவம் பெரிது. ஆனால் நாற்றம் எழுமுன்பே ஹிஸ்டமின் அளவு மீறியிருக்கலாம். குழம்பில் கொதித்தாலும் அது அழியாது.

மாதிரி எடுப்பதில் சறுக்கினால் பின்வரும் வேலையெல்லாம் வீண். மீனுக்கு மீன் ஹிஸ்டமின் அளவு பெரிதும் மாறும் என்பதால், ஐரோப்பிய விதி ஒரு தொகுதிக்கு 9 மாதிரிகள் கேட்கிறது. எடுத்த தசையை உடனே ஐஸில் வையுங்கள். அரைத்த 10 கிராமை மெத்தனாலில் கலந்து 60 பாகை செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, ஆறியதும் 100 மில்லிலீட்டராக்கி வடிகட்டுங்கள். மெத்தனால் நச்சு, தீப்பற்றும். புகைபோக்கி அறைக்குள்ளேயே கையாளுங்கள். வடிநீரை அயனி மாற்றுப் பிசின் வழியே விடுவதைச் சோம்பலில் தவிர்க்க வேண்டாம்: ஹிஸ்டிடினும் அடுத்து இடும் வினைபொருளோடு வினைபுரியும், பிசின்தான் அதைப் பிடித்து வைக்கிறது. பிறகு காரம் சேர்த்து ஆர்த்தோ தாலால்டிஹைடு இடுங்கள். சரியாக 4 நிமிடத்தில் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றி வினையை நிறுத்துங்கள். ஒன்றுக்கு 4, மற்றொன்றுக்கு 5 நிமிடம் என்றால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. 350 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, 444இல் வரும் ஒளிர்வைப் படியுங்கள். அந்த ஒளிர்வு தனியே எதையும் சொல்லாது. அளவு தெரிந்த ஹிஸ்டமின் கரைசல்களையும் மீன் சேராத வெற்றுக் கரைசலையும் அதே நாளில் அதே வழியில் அளந்து கோடு வரைந்தால்தான் அது மில்லிகிராமாகும்.

உயிருள்ள திசுவில் ஹிஸ்டமினைக் கணத்துக்குக் கணம் காட்டும் உணரிகள் வந்துவிட்டனவே, அவற்றையே மீனுக்குப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் யூலாங் லி குழு 2023இல் வெளியிட்டவை அத்தகையவை: ஹிஸ்டமின் ஏற்பியோடு ஒளிர்புரதத்தை இணைத்தவை. அதற்குரிய மரபணுவை உயிருள்ள செல்லுக்குள் செலுத்தியாக வேண்டும். செத்த சூரையில் அந்த வழி இல்லை. அதோடு அங்கே கேள்வி சுரப்பு எப்போது என்பது; இங்கே எவ்வளவு சேர்ந்துவிட்டது என்பது.

சிறு மீனவருக்கு இந்தச் சோதனை எட்டாது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஒவ்வொரு மீனையும் அளக்கச் சொல்லவில்லை. ஐஸ் முறை சரியா என்று அறியவே இந்தச் சோதனை. உருவான ஹிஸ்டமினை உறைகுளிரும் போக்காது, ஆகவே பிடித்தவுடன் குளிர்வித்து 4 பாகைக்குக் கீழே கொண்டுவருவதே காப்பு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் பாதுகாப்பு வரம்பான கிலோவுக்கு 200 மில்லிகிராமை ஒரு மாதிரி தாண்டினால், அந்தத் தொகுதியைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்துங்கள். பிறகு அந்த மீன் படகின் எந்த அறையில், எந்த நாள் பிடிப்பில் கிடந்தது, அன்று ஐஸ் எவ்வளவு மிச்சமிருந்தது என்று படகோட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.