இராமேசுவரத்தில் ஒருநாள் வழிபாடு

சேது எனப் போற்றப்படும் இராமேசுவரம் ஈழத்துச் சைவர்களுக்கு அந்நியமான தலம் அன்று. திருஞானசம்பந்தர் அங்கிருந்தே திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்பது மரபு. யாழ்ப்பாண மன்னர்களின் நாணயங்களிலும் ‘சேது’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருந்தது.

ஒருநாள் மட்டும் தங்கும் அடியார்கள் வழிபாட்டு முறையை முன்னரே அறிந்து செல்லுதல் நன்று. அதிகாலையில் ஸ்படிகலிங்க தரிசனம். அடுத்து அக்கினி தீர்த்தமாகிய கடலில் நீராடி, ஈர உடையுடன் கோயிலினுள் உள்ள 22 தீர்த்தங்களிலும் நீராடுதல் வேண்டும். அதன்பின் உலர்ந்த உடை அணிந்தே சுவாமி தரிசனம் செய்யலாம். ஆகவே மாற்றுடை அவசியம். அனுமன் கொணர்ந்த விசுவலிங்கத்துக்கே முதற்பூசை. பின்னரே சீதாதேவி மணலால் அமைத்த இராமலிங்கத்துக்கு. தொடர்ந்து பர்வதவர்த்தினி அம்பாளை வணங்குக.

நண்பகலில் நடை சாத்தப்படும். பிந்தி எழுவோர் நீராடியும் தரிசனமின்றிக் காத்திருக்க நேரிடும். தீர்த்தக் கிணறுகளைச் சுற்றிக் கருங்கற்தரை வழுக்கும். முதியோரையும் நோயாளரையும் 22 தீர்த்தங்களுக்கும் வற்புறுத்தி இழுத்துச் செல்லலாகாது. அவர்கள் தலையில் தீர்த்தம் தெளித்து, அமைதியாகச் சுவாமியைத் தரிசித்தாலே போதும்.

நடை சாத்திய வேளையில் தனுஷ்கோடி சென்று வரலாம். 1914 முதல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய முன்னோர் கரையிறங்கிய துறை அது. 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்தது. இடிபாடுகளின் முன் மாண்டோருக்காக ஒருகணம் பிரார்த்தித்து, மாலைப் பூசைக்குத் திரும்புக.

பார்த்த இடங்களின் எண்ணிக்கை யாத்திரையாகாது. மனம் ஒன்றிய வழிபாடே யாத்திரை.

இராமநாதர் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.