உள்ளம் பதறும்போது...

மகன் வெளியூருக்குப் புறப்படுகிறான். பெட்டி கட்டியாகிவிட்டது, ரயிலுக்கு நேரம் நெருங்குகிறது. அப்போது உம்மாவின் நெஞ்சு திடீரென்று படபடக்கிறது. “இன்றைக்குப் போக வேண்டாம் வாப்பா, எனக்கு மனசு சரியில்லை” என்கிறாள். மகன் திகைத்து நிற்கிறான். போனால் தாயின் மனம் நோகும்; நின்றால் கிடைத்த வேலை போகும்.

நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். பல்லி சொல்வதையும், பூனை குறுக்கே போவதையும் பொருட்படுத்தாதவர்கள்கூட, உள்ளத்தில் எழும் இந்தப் பதற்றத்தைத் தள்ள முடியாமல் தவிக்கிறார்கள். இது அல்லாஹ் தரும் எச்சரிக்கையா? ஷைத்தானின் வஸ்வாஸா? அல்லது வெறும் மனக்கலக்கமா? மார்க்கம் காட்டும் வழியைப் பார்ப்போம்.

முதலாவதாக, நாளை நடக்கப்போவதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. எந்த உள்ளத்தின் துடிப்பும் மறைவான செய்தியைத் திறக்கும் சாவியாகாது. ஸாலிஹான அடியார்களின் உள்ளத்தில் அல்லாஹ் நல்ல எண்ணங்களை உதிக்கச் செய்வதுண்டு; அதை ‘இல்ஹாம்’ என்பார்கள். ஆனால் நம் நெஞ்சில் தோன்றியது இல்ஹாம்தான் என்று நாமே தீர்ப்புச் செய்து கொள்ள நமக்கு உரிமையில்லை.

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்குப் புதிதாக வந்தவர்கள். தம் மக்களிடையே சகுனம் பார்ப்பவர்கள் இருப்பதை நாயகம் (ஸல்) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள். அது அவர்கள் தம் நெஞ்சில் காணும் ஒன்று. அது அவர்களைக் காரியத்திலிருந்து தடுத்துவிட வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையருளினார்கள். இந்த ஹதீஸ் முஸ்லிம் ஷரீஃபில் உள்ளது. இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். நெஞ்சில் அப்படி ஒன்று தோன்றுவதை அண்ணலார் மறுக்கவில்லை. தோன்றியதற்காகக் கடிந்து கொள்ளவுமில்லை. அதற்குக் கட்டுப்பட்டு நின்றுவிடுவதையே தடுத்தார்கள்.

அப்படியானால் பதறிய உள்ளத்தோடு என்ன செய்வது? யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். யூசுஃபை இழந்த அந்தத் தந்தை, புன்யாமீனையும் மற்ற மக்களோடு மிஸ்ருக்கு அனுப்ப வேண்டி வந்தது. உள்ளத்தில் அச்சம் இருந்தது. ஆயினும் பயணத்தை நிறுத்தவில்லை. எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாமல் வெவ்வேறு வாசல்கள் வழியாக நுழையுங்கள் என்று புத்தி சொன்னார்கள். அத்துடன், அல்லாஹ்வின் விதியிலிருந்து உங்களை என்னால் காக்க இயலாது, அவன் மீதே பொறுப்புச் சாட்டினேன் என்றும் அறிவித்து விட்டார்கள். அந்த யோசனை இறைவிதியைத் தடுக்கவில்லை. அது யஃகூபின் உள்ளத்திலிருந்த ஒரு தேவையை நிறைவேற்றியது, அவ்வளவே என்று சூரா யூசுஃப் கூறுகிறது.

பிறகு நடந்தது என்ன? அஞ்சியது போலவே புன்யாமீன் திரும்பவில்லை. மிஸ்ரில் நிறுத்தி வைக்கப்பட்டார். ஆனால் அவரை நிறுத்தி வைத்தவர் யார்? காணாமற்போன யூசுஃப் (அலை) அவர்களே! தந்தை எதற்கு அஞ்சினார்களோ, அதுவே பிரிந்த மகனை அடையும் வழியாயிற்று. பயணத்தைத் தடுத்திருந்தால்? சிந்தித்துப் பாருங்கள்.

ஆபத்தைக் கண்டும் விலகாதே என்று மார்க்கம் சொல்வதாக எண்ணிவிடக்கூடாது. முந்தைய உம்மத்துகளில் உள்ளத்தில் உண்மை உணர்த்தப்பட்டோர் இருந்தார்கள், என் உம்மத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் உமர்தாம் என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். அத்தகைய உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குச் செல்லும்போது, ஸர்ஃ என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி எட்டியது. ஹிஜ்ரி 18-ல் (கி.பி. 639) பல ஸஹாபாக்களின் உயிரைக் கொண்டு போன அம்வாஸ் நோய் அது. உமர் (ரலி) அவர்கள் தம் உள்ளுணர்வைக் கேட்டு முடிவு செய்யவில்லை. முஹாஜிர்களையும், அன்ஸார்களையும், குறைஷி முதியவர்களையும் அழைத்து மஷூரா செய்த பிறகே திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்க, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்று விளக்கினார்கள். தெரிந்த செய்திக்கு விலகுவது அறிவு. தெரியாத நிழலுக்கு ஓடுவது பேதைமை.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் இதை உணர்த்துகிறது. 1966 அக்டோபர் 21-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், அபர்ஃபான் என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மீதும் வீடுகளின் மீதும் விழுந்தது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டனர். தங்களுக்கு முன்பே மனதில் பட்டது, கனவில் தெரிந்தது என்று பின்னர் பலர் கூறினர். ஜான் பார்க்கர் என்ற மனநோய் மருத்துவர், இத்தகைய உணர்வுகளை முன்கூட்டியே எழுதி அனுப்புமாறு 1967-ல் ஒரு நாளிதழின் துணையோடு கேட்டார். பல நூறு கடிதங்கள் குவிந்தன. நடந்தவற்றோடு பொருந்தியவை மிகச் சிலவே. பலிக்காத நூறு பதற்றங்களை நாம் மறந்து விடுகிறோம்; பலித்த ஒன்றை மட்டும் ஆயுள் முழுவதும் சொல்லிக் கொண்டிருக்கிறோம்!

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அந்த மேடு நீரூற்றின் மேல் அமைந்திருந்தது, முன்பும் சரிந்திருந்தது, ஆபத்தைச் சுட்டி 1963-லேயே கடிதங்கள் எழுதப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்த எச்சரிக்கையைப் புறக்கணித்ததே அங்கு அழிவைக் கொண்டு வந்தது.

ஆகவே உள்ளம் பதறும்போது இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. காரணம் ஏதும் உண்டா என்று பாருங்கள். மகனுக்குக் காய்ச்சலா? ஓட்டுநர் தூக்கமின்றி இருக்கிறாரா? அடுப்பை அணைக்க மறந்தோமா? காரணம் கிடைத்தால் உடனே சரி செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிவழி.

2. காரணம் கிடைக்காவிட்டால் துஆச் செய்து, ஸதகா கொடுத்து, அல்லாஹ்விடம் ஒப்படைத்து வழியனுப்புங்கள். முடிவு செய்யாத காரியமானால் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். அது நன்மையைக் கேட்கும் துஆ; கனவில் குறி கேட்பதன்று.

3. கெட்ட கனவு கண்டால் இடப்புறம் மூன்று முறை இலேசாக உமிழ்ந்து, அல்லாஹ்விடம் காவல் தேடி, யாரிடமும் சொல்லாதிருங்கள். அது தீங்கு செய்யாது என்பது நபிமொழியின் கருத்து.

4. மை போட்டுப் பார்ப்பவரிடமும், குறி சொல்பவரிடமும் ஓடாதீர்கள். குறிகாரனிடம் போய்க் கேட்டவனின் 40 இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்று ஹதீஸில் எச்சரிக்கை வந்துள்ளது.

5. மனதில் பட்டதை வைத்து மருமகள் மீதோ, அண்டை வீட்டார் மீதோ பழி சுமத்தாதீர்கள். சில எண்ணங்கள் பாவம் என்பதைக் குர்ஆன் ஷரீஃப் உணர்த்துகிறது.

இறுதியாக, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. “எனக்கு அன்றே தோன்றியது, தடுத்திருந்தால் பிழைத்திருப்பானே!” என்று உங்களையே வாட்டிக் கொள்ளாதீர்கள். ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறப்பதாக நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். உங்களுக்குத் தோன்றியது தாய்ப்பாசம், அது குற்றமன்று. மறைவானதை அறியும் கடமையை அல்லாஹ் உங்கள் மீது சுமத்தவேயில்லை. பிள்ளைக்காக துஆச் செய்யுங்கள். அதுதான் இன்றும் அவனுக்குப் போய்ச் சேரும்.

அச்சமான வேளையில் தன்னையே நாடும் உள்ளத்தை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.