நாட்டின் எண்ணும் ஊரின் நீரும்: சுற்றுச்சூழல் செயல்திறன் சுட்டெண்ணைக் காஞ்சிபுரத்திலிருந்து வாசித்தல்

முன்னுரை

யேல், கொலம்பியா ஆகிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை வெளியிடும் சுற்றுச்சூழல் செயல்திறன் சுட்டெண், 2022ஆம் ஆண்டில் 180 நாடுகளுள் இந்தியாவை 18.9 புள்ளிகளுடன் இறுதி இடத்தில் வைத்தது. டென்மார்க் 77.9 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது அந்தத் தரவரிசை எண்ணே. ஆயின் அச்சுட்டெண்ணின் ஊடாடும் இணையத்தளம் அவ்வெண்ணைக் கூறுகூறாகப் பிரித்துக் காண வழிசெய்கிறது. அவ்வழியே மாணவர் எதனைக் காண இயலும், எது கண்ணுக்குத் தப்பும் என்பதைக் காஞ்சிபுரத்து நீரை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் இதனைக் ‘குறியீடு’ என்று எழுதுவோர் பலர். திறனாய்விலும் கணினித்துறையிலும் அச்சொல்லுக்கு வேறு பொருள்கள் நிலைத்துவிட்டமையால் குழப்பம் நேர்கிறது. எனவே தொகுத்த எண்ணைச் ‘சுட்டெண்’ என்றும், அதன் உறுப்புகளைச் ‘சுட்டிகள்’ என்றும், ஒவ்வோர் உறுப்புக்கும் தரப்படும் பங்கை ‘நிறை’ என்றும் இங்கு வழங்குகிறோம்.

நிறையில் அடங்கிய தீர்ப்பு

2022ஆம் ஆண்டுச் சுட்டெண்ணில் 40 சுட்டிகள், 11 பிரிவுகள், 3 நோக்கங்கள் உள்ளன. காலநிலை மாற்றம் என்னும் நோக்கம் மட்டும் 38 விழுக்காடு நிறை பெறுகிறது. முந்தைய பத்தாண்டுப் போக்கை நீட்டி 2050ஆம் ஆண்டின் உமிழ்வைக் கணிக்கும் சுட்டியை இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 ஜூன் 8 அன்று வெளிப்படையாக மறுத்தது. இம்மறுப்பை மாணவர் தாமே சோதிக்கலாம். ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ தளத்தில் கரியமில வாயுவின் மொத்த உமிழ்வைத் தெரிவுசெய்தால் இந்தியா உலகில் மூன்றாவதாக நிற்கும். தலைக்கு எவ்வளவு என்று மாற்றினால் ஏறத்தாழ 2 டன். அமெரிக்காவுக்கோ ஏறத்தாழ 15 டன். ஒரே தரவு, இரு தீர்ப்புகள். எனினும் அமைச்சகத்தின் வாதம் காலநிலைக்குப் பொருந்தும் அளவுக்குக் காற்றுக்கும் நீருக்கும் பொருந்தாது என்பதே எம் கருத்து.

2024இல் இந்தியா 27.6 புள்ளிகளுடன் 176ஆம் இடம் பெற்றது. இதனை முன்னேற்றம் எனக் கொள்ளல் பிழை. அப்பதிப்பில் சுட்டிகள் 58 ஆயின, கணக்கிடும் முறையும் மாறியது. தளத்தில் ஒரே முறையால் கணிக்கப்பட்டுள்ள பத்தாண்டு மாற்றத்தையே ஒப்பிடல் வேண்டும்.

காஞ்சிபுரத்து நீர்

2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டு, சாயம் ஏறுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் பசை நீக்கப்படுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு கரைந்து நீரோடு போகிறது. பின்னர்ச் சாயக் கழிவும் சேர்கிறது. மழைநீர் வடிய வேண்டிய மஞ்சள்நீர்க் கால்வாய் நகரின் கழிவுநீரைச் சுமந்து நத்தப்பேட்டை ஏரியை நோக்கிச் செல்கிறது.

சுட்டெண்ணின் கழிவுநீர்ச் சுட்டியை எத்தனை முறை சொடுக்கினும் இக்கால்வாய் தோன்றாது. அங்கு மிகச்சிறிய அலகு நாடு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021ஆம் ஆண்டறிக்கை சற்று அருகே கொண்டுவருகிறது: இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உண்டாக, ஏறத்தாழ 20,200 மில்லியன் லிட்டரே சுத்திகரிக்கப்படுகிறது. அதுவும் நகர்ப்புறக் கழிவுநீர்க் கணக்கே. வீட்டுப் புறக்கடையில் சாயம் தோய்ப்பவரின் தொட்டிநீர் அதில் தனித்துத் தெரியாது. ஆகவே வகுப்பில் நாட்டுப் பக்கத்தைத் திறக்கும் மாணவர், அடுத்து வாரியத்தின் அட்டவணையையும், அதன்பின் கால்வாய்க்கரையில் தாமே எடுத்த நீரின் காரத்தன்மை அளவையும் ஒரே தாளில் அருகருகே எழுதுதல் வேண்டும். மூன்றாம் நிரலை நிரப்ப எந்த இணையக் கருவியும் இப்போது உதவாது.