ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ‘டக் டக்’: குற்றவாளி இன்ஜினா, உப்புக்காற்றா?

கேள்வி: 11 ஆண்டு ஓடிய பெட்ரோல் கார். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும்போது, வேகம் எடுக்கும் நேரமெல்லாம் முன்பக்கம் ‘டக் டக்’ என்று தட்டுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் ஒரு மெக்கானிக். இன்ஜினைப் பிரித்தாக வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இன்ஜினைப் பிரிப்பது கடைசி வேலை. சத்தம் எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் பணம்தான் போகும்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்துப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே கனமான ‘டொக் டொக்’ கேட்டு, இன்ஜின் சுற்று ஏற ஏற அதுவும் ஏறினால் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம். உடனே இன்ஜினை அணைத்துவிட்டு ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது. கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

நியூட்ரலில் சத்தமே இல்லை, பாரம் ஏறும்போது மட்டும் வருகிறது என்றால் அந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. சந்தேகம் நான்கு இடங்களுக்குச் சுருங்கும்: சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு, ட்ரைவ் ஷாஃப்ட், இன்ஜின் மவுண்ட், சிலிண்டருக்குள் நடக்கும் நாக்கிங்.

மரக்காணம் போன்ற கடலோர ஊரில் முதலில் காருக்கு அடியில்தான் பார்க்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைச் சாதாரணமாகவே தாண்டும். ஆக, உப்பளங்களை ஒட்டி ஓடும் வண்டியின் அடிப்பாகத்தில் படிந்த மெல்லிய உப்பு, மழை இல்லாத நாளிலும் ராத்திரியில் ஈரமாகி இரும்பைத் தின்கிறது. சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு முதலில் பலியாகும். அதன் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போனால், குறிப்பிட்ட வேகத்தில் தகடு கடகடக்கும். இன்ஜின் நன்றாக ஆறியபின் கையால் தட்டினாலே தெரிந்துவிடும். சரிசெய்ய ஒரு கிளாம்ப் போதும்.

ட்ரைவ் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ரப்பர் பூட் உண்டு. அது கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, மணலும் உப்புநீரும் உள்ளே போகும். சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் அப்பியிருந்தால் அதுவே சாட்சி. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு மெல்ல வேகம் எடுக்கும்போது ‘டக் டக்’ கூடினால், சக்கரத்தை ஒட்டிய ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. நேர்சாலையில் முடுக்கும்போது வண்டி அதிர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்டைச் சந்தேகிக்கலாம். பூட் மட்டும் கிழிந்து சத்தம் இன்னும் தொடங்கவில்லை என்றால், சுத்தம் செய்து புது கிரீஸும் புது பூட்டும் போட்டால் பிழைத்துக்கொள்ளும். சத்தம் வந்தபிறகு கிரீஸ் அடைப்பது வீண்செலவு. ஜாயின்டையே மாற்ற வேண்டும்.

கிளட்சை விடும்போதும் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போதும் ஒரே ஒரு ‘டொம்’ என்றால் இன்ஜின் மவுண்ட்.

இனி நாக்கிங். இது தட்டல் என்பதைவிட, உலோகத்தில் கூழாங்கல் உரசுவது போன்ற கூரிய சத்தம். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், எரியாமல் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பதால் வருவது. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் இதற்குக் கண்ட மருந்து ஈயம். பெட்ரோலில் கலந்த அந்த ஈயம் உலகம் முழுக்கக் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. இந்தியா அதை 2000இல்தான் முழுவதுமாக ஒழித்தது.

எத்தனால் மீதான பழி பாதிதான் நியாயம். சாதாரண பிஎஸ்-6 பெட்ரோலின் ஆக்டேன் எண் 91. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20க்கு 95. எண் கூடினால் நாக்கிங் குறையத்தான் வேண்டும். பழைய காரில் ஈ20 ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் பாதிக்கலாம், மைலேஜும் சற்றுக் குறையும். அது வேறு கணக்கு. ஆனால் டேங்கில் தண்ணீர் புகுந்தால் கதை மாறும். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் எண் இறங்கிவிடும். கூடவே ஸ்டார்ட்டிங் கோளாறும் திணறலும் வந்தால், டேங்கை வடித்துப் பார்ப்பது அவசியம்.

மற்றபடி, வேகத்தடையில் 30 கி.மீ.க்கு இறங்கிய வண்டியை நான்காவது கியரிலேயே மிதித்து ஏற்றும் பழக்கம் நாக்கிங்கை வரவழைக்கும். கியரைக் குறைத்தும் சத்தம் வந்தால், கம்பெனி சொன்ன வகை ஸ்பார்க் பிளக்கா, கூலன்ட் சரியாக இருக்கிறதா, கார்பன் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அம்பாசிடர் காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, காதால் கேட்டே டைமிங் வைத்தார்கள். இன்று அந்த வேலையைச் செய்வது இன்ஜின் பிளாக்கில் முடுக்கிய நாக் சென்சாரும் கம்ப்யூட்டரும். சென்சாரின் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் கம்ப்யூட்டருக்குச் சேதி சரியாகப் போகாது. ஸ்கேனரில் பி0325 என்ற குறியீடு வந்தால், புது சென்சார் வாங்குமுன் கனெக்டரைச் சுத்தம் செய்து பார்க்கலாம். சென்சாரைக் கழற்றினால் அது உட்காரும் இடத்தையும் துடைத்து, டார்க் ரென்ச்சால் சொன்ன அளவுக்கே முடுக்க வேண்டும். கைப்போக்கில் இறுக்கினால் புது சென்சாரும் தப்பாகவே கேட்கும்.